கமலைக்காலைப் பிடித்து நின்ற ஆள்

நான் வேலையை விட்டு எட்டு வருஷமாகிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது கால் தானாக நான் வேலை பார்த்த போட்டோ ஸ்டூடியோப் பக்கம் போய்விடும். இப்போது அங்கே வேலை பார்க்கிறவர்கள் என்னை உட்கார வைத்து டீ வாங்கித் தருவார்கள். சுவரில் பம்பாயிலிருந்து வந்த அச்சுப் படுதா தொங்குகிறது. பனிமலை, ஏரி, ஏரியில் ஒரு படகு. நல்லதுதான். நாங்கள் கையால் எழுதிய படுதாக்களில் மழைக்காலம் வந்தால் வண்ணத்தில் கலந்த வஜ்ஜிரப் பசை நாறும். படம் எடுத்துக்கொள்ள வந்தவர்கள் செத்த எலி எங்கே என்று நாற்காலிக்கு அடியில் தேடுவார்கள்.

போன மாதம் அவர்களில் ஒருவர் கேட்டார். "பாய், நாப்பது வருசம் சீன் எழுதியிருக்கீங்க. அரண்மனை, நந்தவனம், தெப்பக்குளம் எல்லாம் இருக்கு. ஒண்ணுல கூட ஒரு ஆள் இல்லையே, ஏன்?" நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவர், பாய் முஸ்லிம், உருவம் போடமாட்டார் என்றார். மூன்றாமவர், பாய்க்குக் கைவிரல் எழுத வராது என்றார். மூன்றாமவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் காரணம் அது இல்லை, டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

என் அத்தா தகரப் பெட்டிகளுக்குப் பூப் போடுகிறவர். பூவும் கொடியும் போடலாம், கிளி கூடாது என்பார். "உருவம் போட்டவன்கிட்ட மறுமையில, அதுக்கு உயிர் குடுடான்னு கேப்பாங்க" என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார். அப்படிப்பட்டவர் என்னைக் கொண்டுபோய் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் சேர்த்ததற்குக் காரணம், எனக்குக் கீழே ஐந்து பேர் சாப்பிட இருந்தார்கள் என்பதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள் முடிகிற சமயம். ஆறு மாதம் வண்ணம் அரைத்தேன். ஒரு வருஷம் பென்சில் சீவினேன். அதற்குப் பிறகுதான் நெகட்டிவைத் தொட விட்டார்கள்.

முதலாளியை எல்லாரும் ராஜு மாஸ்டர் என்போம். வேட்டிமேல் கறுப்புக் கோட்டுப் போடுவார், சித்திரை வெயிலிலும் கழற்றமாட்டார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார், அவ்வளவுதான். ஆனால் அது மேஜையில் படுகிற சத்தத்துக்கு நாங்கள் பிரம்படிக்குப் பயப்படுவதுபோலப் பயப்படுவோம்.

அவர் கழுத்தில் ஒரு கயிறு கட்டி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலக் கண்ணாடித் துண்டைத் தொங்கவிட்டிருப்பார். புதிதாக வருகிறவர்கள் அதைத் தாயத்து என்று நினைப்பார்கள். அந்தக் காலத்துக் கண்ணாடி பிளேட்டுக்கு நம்முடைய கண் கிடையாது. சிவப்பும் காவியும் அதற்குக் கறுப்பு. நீலம் அதற்கு வெள்ளை. மணப்பெண் சிவப்புப் பட்டில் வந்து நின்றால் படத்தில் துக்க வீட்டுக்குப் போகிறவள் மாதிரி இருப்பாள். அதனால் படுதா எழுதும்போது அடிக்கொரு தரம் நீலக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். பிளேட்டு எதைப் பார்க்கப் போகிறது என்பது ஏறக்குறைய அதில் தெரிந்துவிடும். "உன் கண்ணுக்கா எழுதுற? பிளேட்டுக்கு எழுது" என்பார் மாஸ்டர்.

எனக்கு அங்கே இரண்டு வேலை. ஒன்று படுதா எழுதுவது. மற்றது டச்சிங். சாய்வு மேஜையில் நெகட்டிவை வைத்து, அடியில் ஒரு கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பி, ஊசி போலச் சீவிய பென்சிலால் முகத்துக் குழிகளை நிரப்ப வேண்டும். மதுரைச் சீமையில் அன்றைக்கு அம்மைத் தழும்பு இல்லாத முகம் குறைவு. ஒரு முகத்துக்கு இரண்டு நாள் ஆகும், சிலதுக்கு நாலு நாளும் ஆகும். பாதி வேலை செத்தவர்களுடையது. ஏதோ ஒரு கூட்டப் படத்தில் மூன்றாவது வரிசையில் நிற்கிற மனிதரைத் தனியாகப் பிரித்துப் பெரிதாக்கி, மாலை போடுகிற மாதிரி ஆக்கித் தர வேண்டும். பக்கத்தில் நின்ற பெண்டாட்டியை, தோளில் கைபோட்ட சிநேகிதனை எல்லாம் பென்சிலாலும் கத்தியாலும் நான்தான் அழித்தேன்.

மாஸ்டர் போட்ட சட்டங்கள் இரண்டு. படுதாவில் ஆள் வரக்கூடாது, ஏனென்றால் ஆள் நாற்காலியில் உட்காரப் போகிறான். இரண்டாவது, முகம் டச்சிங் பண்ணுகிற வாரத்தில் பிரஷ்ஷைத் தொடக்கூடாது. இரண்டாவது சட்டம் எனக்குப் புரியவில்லை. கை நடுங்கும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பதுகளின் நடுவில் ஒரு பருத்தி வியாபாரி குடும்பத்தோடு படம் எடுத்துக்கொள்ள வந்தார். அப்போது எங்களிடம் இருந்தது ஒரு வெள்ளைக்கார மாளிகைப் படுதா. பளிங்குப் படிக்கட்டு, தூண், பூந்தொட்டி. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எந்த ஊருப் படி மாஸ்டர்? இதுல ஏறி நான் எங்க போறது?" என்றார். பேரையூர்ப் பக்கத்தில் பிறந்தவராம். ஓட்டு வீடு, மாட்டுத் தொழுவம், வைக்கோல் படப்பு, கமலைக் கிணறு என்று ஒரு பண்ணை வீடு எழுதி வையுங்கள், மகளுக்கு நிச்சயம் பண்ணுகிற அன்றைக்கு அதன் முன்னால்தான் உட்காருவேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்படி ஒரு வீட்டை நேரில் பார்த்து வரைந்து வரச் சொல்லி, மாஸ்டர் என்னைப் பேரையூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

மழை விட்டு ஒரு மாதம் இருக்கும். கரிசல் காய்ந்து வெடிக்க ஆரம்பித்திருந்தது. ரோட்டிலிருந்து அரை மைல் தள்ளித் தனியாக ஒரு வீடு தெரிந்ததும் இறங்கிக்கொள்கிறேன் என்றேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். "அந்த வீட்டுக்கா? அங்க யாரும் இல்லப்பா. காலரால மூணு பேரு போனதும் மத்தவுக பூட்டிட்டுக் கெளம்பிட்டாக." எனக்கு வசதியாகப் போயிற்று. யாரையும் கேட்க வேண்டாம், யாரும் வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கவும் மாட்டார்கள்.

இரண்டு நாள் போய் வந்து வரைந்தேன். தாழ்ந்த ஓட்டுக் கூரை, பூட்டிய இரட்டைக் கதவு, இடப்பக்கம் தொழுவம், வலப்பக்கம் கிணறு. கிணற்றின்மேல், மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலைக்கு நட்ட மரம், கமலைக்கால் இரண்டும் நிமிர்ந்து நின்றன, உருளையும் இருந்தது. வடக்கயிறும் தண்ணீர்ச் சாலும் இல்லை. உச்சிவெயிலில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. காக்கை கூட இல்லை. இரண்டாம் நாள் பகல் சுமார் பன்னிரண்டு மணிக்கு, நான் குனிந்து தொழுவத்துச் சுவரை வரைந்துகொண்டிருந்தபோது, அந்த உருளை ஒரு தரம் கிரீச்சென்றது. காற்று இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் ஞாபகம். என்ன பார்த்தேன் என்பதைத்தான் இத்தனை வருஷமாக எனக்கு நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

படுதா பன்னிரண்டு அடி அகலம். ஸ்டூடியோவில் விரிக்க இடம் இல்லை. செல்லூரில் ஒரு தறிக்கொட்டகையின் நீளச் சுவரை வாடகைக்குப் பிடித்து அங்கே எழுதினோம். அதே வாரம் டச்சிங்கில் ஒரு அவசர வேலை வந்து சேர்ந்தது. கொட்டாம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். மாயாண்டி என்று ஒருவர் கல்யாணப் படம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதில் மாப்பிள்ளையாக நிற்கிற தன் அண்ணன் அழகுமலையைத் தனியாகப் பிரித்துப் பெரிதாக்கித் தர வேண்டும். அண்ணன் மாட்டுச் சந்தைக்குப் போனவர், நாலு வருஷமாகத் திரும்பவில்லை. இனி வரமாட்டார் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். வருகிற அமாவாசையில் கருமாதி, அன்றைக்கே அண்ணன் மனைவியின் தாலியைக் கழற்றி வாங்குவது. அதற்குப் படம் வேண்டும்.

இரண்டு வேலைக்கும் கெடு ஒரே வாரத்தில் வந்ததால் மாஸ்டரின் சட்டத்தை உடைத்தேன். காலையில் ஸ்டூடியோவில் அழகுமலை, பிற்பகல் செல்லூரில் பண்ணை வீடு. நாலு நாள் இப்படி ஓடியது. நாலாம் நாள் வீட்டின் உயரம் சரியா என்று சந்தேகம் வந்தது. அளவுக்காகக் கிணற்றடியில் ஒரு ஆளைப் போட்டுப் பார்த்தேன். கமலைக்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தலையை லேசாகத் திருப்பி நிற்கிற ஆள். பத்து நிமிஷ வேலை. என் ஆயுளில் அவ்வளவு சரளமாக ஒரு உருவம் எனக்கு வந்ததில்லை. கைவிரல் கூட ஒழுங்காக வந்துவிட்டது.

சாயங்காலம் மாஸ்டர் வந்தார். நீலக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து இடப்பக்கத்திலிருந்து நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் கிணற்றடியில் நின்றுவிட்டார்.

"யாரு இது?"

"அளவுக்குப் போட்டேன் மாஸ்டர்."

"அளவு தெரிஞ்சிருச்சுல்ல? எடுத்துரு."

அவருக்கு அன்று காய்ச்சல், சீக்கிரம் போய்விட்டார். ஆளுக்குப் பின்னால் இருந்தது மண் சுவர். அந்த மண் நிறத்தில் கலந்து வைத்த வண்ணம் தீர்ந்துபோயிருந்தது. புதிதாகக் கலந்தேன். காவி கொஞ்சம் தூக்கலாகிவிட்டது என்று அதை மட்டுப்படுத்த ஒரு சிட்டிகை சலவை நீலம் போட்டேன். கண்ணுக்கு அச்சு அசலாகப் பொருந்தியது. ஆள் நின்ற இடத்தை மட்டும் ஓரம் பிசகாமல் மூடினேன். மறுநாள் மாஸ்டர் வராமலே படுதாவைச் சுருட்டிக் கொண்டுபோய்க் கட்டிவிட்டேன். நீலக் கண்ணாடி வைத்து யாரும் பார்க்கவில்லை. இந்தத் தொழிலில் இல்லாத ஒருவன் செய்ய முடியாத தப்பு இது.

வியாழக்கிழமை பருத்தி வியாபாரி மனைவியோடும் மகளோடும் வந்து உட்கார்ந்தார். படுதாவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார். எல்லாருக்கும் சந்தோஷம். நான் பிளேட்டை இருட்டறைக்குக் கொண்டுபோய் மருந்துத் தட்டில் ஆட்டினேன். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் நெகட்டிவ் எழும்பும்போது, நல்ல வெளுப்பான இடம்தான் முதலில் கறுப்பாக வரும். வேட்டி, சட்டைக் கழுத்து, பிறகு முகம் என்று வருவதுதான் வழக்கம். அன்றைக்கு உட்கார்ந்திருந்த மூன்று பேரும் வருவதற்கு முன்னால் நாலாவதாக ஒருவர் வந்தார். வியாபாரியின் தோளுக்குப் பின்னால், கிணற்றடியில், முழு ஆள்.

நான் தட்டைக் கீழே போடாதது அல்லாஹ்வின் கருணை. கழுவி, காய வைத்து, ஒரு பிரிண்ட் போட்டேன். குடும்பத்தின் பின்னால் வெளிறிப்போன ஒரு மனிதர் நிற்கிறார். முகத்தில் கண்ணும் மூக்கும் கூட இருக்கின்றன. எழுந்து கிட்டே போய்ப் படுதாவைப் பார்த்தால் வெறும் மண் சுவர். தடவிப் பார்த்தேன். மண் சுவர்தான்.

மாஸ்டர் பிரிண்டைப் பார்த்தார், நீலக் கண்ணாடியால் படுதாவைப் பார்த்தார். "சலவை நீலம் போட்டியா?" என்றார். போட்டேன் என்றேன். "நீ மூடுன இடம் மட்டும் பிளேட்டுக்கு வெள்ளை. அடியில இருக்கிற காவிக் கோடு மெல்லிசா ஏறி வருது. பேயும் இல்ல, பிசாசும் இல்ல. நெகட்டிவ்ல சுரண்டிட்டுப் படுதாவை மறுபடி எழுது" என்றார். விளக்கம் கேட்டு எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அந்த பிரிண்டைக் கிழிக்க மனம் வரவில்லை, மற்ற படங்களோடு கொடியில் மாட்டினேன்.

மறுநாள் பகல், மாயாண்டி அண்ணன் படத்தை வாங்க வந்தார். அண்ணன் மனைவியும் கூட வந்திருந்தார். பெயர் வெள்ளையம்மா. முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். பெரிதாக்கிய படத்தை மாஸ்டர் மேஜையில் வைத்தார். அந்த அம்மாள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆணி அடித்த மாதிரி கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னத்த மதினி பாக்குறீக?" என்றார் மாயாண்டி.

"உங்க அண்ணனை."

மாயாண்டி போய்ப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "மாஸ்டர், இது என்ன வேலை? எங்க அண்ணன இதுல கொண்டுவந்து ஒட்டியிருக்கீகளா?"

"ஒட்டலப்பா" என்றார் மாஸ்டர். என்னைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அந்தச் சத்தத்தில்தான் எனக்குப் புரிந்தது. நாலு நாள் பென்சில் முனையால் கன்னம் கன்னமாக, இமை இமையாக அந்த முகத்தை நிரப்பிய கை, பிற்பகல் பிரஷ்ஷைப் பிடித்ததும் அதே முகத்தைப் போட்டிருக்கிறது. எனக்குத் தெரியாமலே போட்டிருக்கிறது.

வெள்ளையம்மா என் முன்னால் வந்து நின்றார். "தம்பி, இந்த வீடு எங்க இருக்கு?"

"பேரையூர்ப் பக்கம்கா."

"நெசமான வீடா?"

"நெசமான வீடுதான்."

"அங்க இவரை நேருல பாத்துத்தான் எழுதுனீகளா?"

அமாவாசைக்கு மூன்று நாள் இருந்தது. மேஜையில் மாலைக்குத் தயாரான படம். அந்த அம்மாளின் கழுத்தில் தாலிக்கயிறு. நான் இல்லை என்று சொன்னால் மூன்று நாளில் அது இருக்காது, அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் மூலையில் உட்கார வேண்டியவர். பொய்ச் சாட்சி எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஆமாக்கா. பாத்தேன்" என்றேன்.

அவர்கள் வெளியே போய்த் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் மெதுவாகச் சொன்னார். "அந்த வாரம் பிரஷ்ஷைத் தொடாதேன்னு எதுக்குச் சொன்னேன்? நான் ஒரு தடவை சரஸ்வதி படம் எழுதப் போயி செத்துப்போன ஒரு தாசில்தார் மூஞ்சிய எழுதி வச்சேன். சரி, பாத்தேன்னு சொல்லிட்ட. சொன்னவன் நீ, நீயே கூட்டிட்டுப் போ."

மறுநாள் மூன்று பேரும் பேரையூர் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் மாயாண்டி என்னிடம் கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். என்ன உடுத்தியிருந்தார், தாடி இருந்ததா, பேசினாரா. நான் தூரத்தில் பார்த்தேன், தூரத்தில் பார்த்தேன் என்றே ஒப்பேற்றினேன். யாரும் இல்லாத வீட்டைக் காட்டிவிட்டு, அன்றைக்கு இருந்தார், போய்விட்டார் போல என்று சொல்லிவிடலாம் என்பதுதான் என் திட்டம். வெள்ளையம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மடியில் ஒரு தூக்குவாளியில் சோறு வைத்திருந்தார்.

உச்சிப்பொழுதில் போய்ச் சேர்ந்தோம். கதவு பூட்டியே இருந்தது. பூட்டில் சிலந்தி வலை. மாயாண்டி தொழுவத்தைச் சுற்றிப் போனவர் அங்கிருந்து கூப்பிட்டார். மூன்று கல், நடுவில் சாம்பல். அவர் சாம்பலில் கையை வைத்துவிட்டு எடுத்தார்.

"சூடு இருக்கு பாய்."

கிணற்றடிக்குப் போனோம். நான் வரையும்போது அங்கே கயிறு இல்லை. இப்போது ஒரு தோண்டியும் கயிறும் கிடந்தன, கயிறு ஈரம். கமலைக்காலில் ஒரு வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டிருந்தது. நான் எழுதிய ஆள் கை வைத்திருந்த அதே காலில், ஏறக்குறைய அதே உயரத்தில்.

மாயாண்டி நாலு திசையிலும் அண்ணே அண்ணே என்று கூப்பிட்டார். கரிசல் காட்டில் மறைந்து நிற்க ஒரு மரம் கிடையாது, ஒரு மேடு கிடையாது. யாரும் தெரியவில்லை. ரோட்டோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவியிடம் போய்க் கேட்டோம். "ஒரு ஆளு இருக்காரு" என்றார் கிழவி. "கூப்புட்டா திரும்ப மாட்டாரு. ஆடு அந்தப் பக்கம் போகாது."

"எம்புட்டு நாளா இருக்காரு?"

"மழை விட்டதுல இருந்து."

நான் வரையப் போனது அதற்கும் ஒரு மாதம் கழித்து. அப்படியானால் நான் தொழுவத்துச் சுவரைக் குனிந்து வரைந்துகொண்டிருந்த இரண்டு நாளும் அந்த மனிதர் அங்கே இருந்திருக்கிறார்.

கடைசி பஸ் வரைக்கும் காத்திருந்தோம். யாரும் வரவில்லை. வெள்ளையம்மா தூக்குவாளியைக் கமலைக்கால் அடியில் வைத்துவிட்டு வந்தார். பஸ்ஸில் மாயாண்டி, "உசுரோட இருக்கிற ஆளுக்குக் கருமாதி பண்ண முடியாதுல்ல" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அமாவாசை வந்தது, போனது. தாலிக்கயிறு வெள்ளையம்மா கழுத்திலேயே இருந்தது. மாயாண்டி பிறகு மூன்று தடவை தனியாகப் போய்த் தேடினார் என்று கேள்விப்பட்டேன். ஒவ்வொரு தடவையும் சாம்பல் சூடாக இருந்ததாம், ஆள் இல்லையாம்.

படுதாவை மறுபடி எழுதவில்லை. மாஸ்டர் அதை வைகையில் கொண்டுபோய் அலசச் சொல்லிவிட்டார். வீடு, தொழுவம், படப்பு எல்லாம் ஒவ்வொன்றாகக் கரைந்து செல்லூர்ப் படித்துறையில் செம்மண் தண்ணீராகப் போயின. துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னை வைத வசவு இன்னும் காதில் இருக்கிறது. பருத்தி வியாபாரிக்கு நெகட்டிவில் சுரண்டி, கிணற்றோரம் ஒரு வேப்பங்கன்று வரைந்து கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை, மழை விட்ட மாதத்தில், வெள்ளையம்மா பேரையூருக்குப் போய் வருவார். திரும்பும்போது ஸ்டூடியோவில் ஏறி, என்னிடம் இருந்த அந்த பிரிண்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் மாட்டேன் என்பார். "சோறு வச்சிட்டு வாரேன் தம்பி. அடுத்த வருசம் போகையில வாளியைக் கழுவிக் கவுத்தி வச்சிருக்கு" என்று, பக்கத்து வீட்டு விஷயம் போலச் சொல்வார். ஆளைப் பார்த்தீர்களா என்று கேட்டால் இல்லை என்பார். எனக்கு அவர் வருகிற ஒவ்வொரு தடவையும், ஒரு பொய்யைச் சொல்லி ஒரு பெண்ணை வெயிலில் ஐம்பது மைல் அலைய விடுகிறோமே என்று தூக்கம் வராது.

ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு நாள் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். அக்கா, நான் அங்கே யாரையும் பார்க்கவில்லை, உங்கள் கல்யாணப் படத்து முகம் என் கையில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் பிரிண்டைத் தட்டிக் காட்டினார். "தெரியும் தம்பி. அன்னிக்கே தெரியும். தலையத் திருப்பி நிக்கிறாரு பாருங்க. அது கல்யாணத்தன்னிக்கு என்னைப் பாக்கத் திரும்புனது. போட்டோக்காரர் நேரா பாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு, இவரு கேக்கல. அதுக்கப்புறம் பத்து வருசம் குடும்பம் நடத்துனோம். ஒரு நாளும் அப்படித் திரும்பிப் பாக்கல. வேற மாதிரி நின்னிருந்தா, நீங்க நேருல பாத்தீகன்னு நம்பியிருப்பேன். அந்தத் திரும்பல் என் போட்டோவில மட்டும்தான் இருக்கு."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"நீங்க ஆமான்னு சொல்லிட்டீக. நான் இல்லைன்னு சொல்லணுமா?"

அங்கே சோறு சாப்பிடுவது யார் என்று கேட்டேன். "தெரியல. கேட்டுப் பாக்கவும் இல்ல. யாரோ ஒருத்தரு எனக்காக அங்க நிக்கிறாரு. வருசத்துக்கு ஒரு நாளு சோறு குடுக்கிறதுல என்ன?" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அன்று இரவு பல வருஷத்துக்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று எழுத ஆசைதான். தூங்கவில்லை.

சண்டைக்காலம் வந்தது. பிளேட்டு கிடைக்காது, பேப்பர் கிடைக்காது. மாஸ்டர் இறந்துபோனார். அவர் முகத்தை டச்சிங் பண்ண வேண்டிய வேலையும் என்னிடமே வந்தது, அந்த மாதம் முழுக்க நான் பிரஷ்ஷைத் தொடவில்லை. யுத்தம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் பதினொரு மணிக்கு மாயாண்டி படியேறி வந்தார். தலை நரைத்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மதினி விடியக்காலம் போயிட்டாக பாய். ரெண்டு நாள் காய்ச்சல்."

கையிலிருந்த பென்சிலை மேஜையில் வைத்தேன்.

"சாயங்காலத்துக்குள்ள எடுக்கணும். பொம்பளைக எல்லாரும் மஞ்சளும் குங்குமமும் வச்சு, பட்டு உடுத்தித்தான் தூக்கணும்ங்கிறாக. பெரியாளுக, அண்ணன் போயி பதினாலு வருசமாச்சு, எந்த நெனப்புல சுமங்கலின்னு தூக்குறதுன்னு கேக்கிறாக. ஊரே ரெண்டாப் பிரிஞ்சு வாசல்ல நிக்கிது. கடைசியில மாயாண்டி சொல்றதுதான்னு என் தலையில வச்சுட்டாக. நான் அங்க சாம்பலைத்தான் பாத்தேன், ஆளைப் பாக்கல. ஆளைப் பாத்தது நீங்க ஒருத்தருதான்." அவர் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "அன்னிக்கு மதினி நின்ன நெலையைப் பாத்து எரக்கப்பட்டுச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பீக. நான் தப்பா நெனைக்க மாட்டேன். இப்பச் சொல்லுங்க பாய். மெய்யாவே எங்க அண்ணனைப் பாத்தீகளா?"

இதைத் தெரிந்த மாஸ்டர் இல்லை. வெள்ளையம்மா இல்லை. இனி நான் சொல்வதுதான். அந்த உச்சிவெயிலில் உருளை கிரீச்சிட்டதும், நான் நிமிர்ந்ததும் ஞாபகம் வந்தது. நிமிர்ந்தபோது கிணற்றடி வெறுமையாக இருந்தது என்று அன்றுவரை எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். மாயாண்டி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நிமிஷத்தில், கிணற்றடி வெறுமையாக இல்லை.

"பாத்தேன்" என்றேன். "கமலைக்காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. யாருங்கன்னு கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தாரு."

"உங்களையா?"

"இல்ல. எனக்குப் பக்கத்துல யாரோ நிக்கிற மாதிரி, அங்க பாத்தாரு. கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருந்துச்சு."

மாயாண்டி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார். நான் ஜன்னலுக்குப் போனேன். எதிர்ச் சாரியில் பூக்கடையில் நின்று மல்லிகை வாங்கினார். அடுத்த கடையில் மஞ்சளும் குங்குமமும் வாங்கித் துண்டில் முடிந்துகொண்டு, கொட்டாம்பட்டி பஸ் கிளம்பிவிடப் போகிறதே என்று ஓட்டமும் நடையுமாகப் போனார்.